அவரைக் கேட்டீர்களா?

வெள்ளிக்கிழமை முதல் ஷிப்ட் விட்டு வெளியே வந்தபோது, சங்கப் பலகையில் ஒட்டியிருந்த அறிவிப்பை எல்லோரையும் போல நானும் நின்று படித்தேன். யாரைப் பற்றியது என்பது உங்களுக்குத் தெரியும். பெயரை இங்கே எழுதப் போவதில்லை. சங்க விரோத நடவடிக்கையில் ஈடுபட்டதால் உறுப்பினர் பதவியிலிருந்து நீக்கப்படுகிறார் என்று நான்கு வரி. என்ன நடவடிக்கை, எந்தத் தேதியில், புகார் கொடுத்தவர் யார் என்பதற்கு ஒரு சொல்கூட இல்லை. இருபத்தோரு ஆண்டுகள் சந்தா கட்டியவர் அவர்.

அவர் செய்தது சரி என்று வாதாட நான் வரவில்லை. பொதுக்குழுவில் அவர் குரலை உயர்த்திய விதம் எனக்கும் பிடிக்கவில்லை. என் கேள்வி ஒன்றுதான்: நீக்குவதற்கு முன் அவரைக் கேட்டீர்களா?

துணைவிதியைக் கேட்டு வாங்கி மறுபடியும் படித்தேன். சங்கத்தின் நலனுக்கு விரோதமாக நடப்பவரைச் செயற்குழு நீக்கலாம் என்று ஒரே வாக்கியம் இருக்கிறது. விளக்கம் கேட்கும் நோட்டீஸ் இல்லை, விசாரணை இல்லை, மேல்முறையீடு இல்லை. எது விரோதம் என்பதையும் செயற்குழுவே சொல்லும். குற்றம் சாட்டுவதும் தீர்ப்பளிப்பதும் அதே பத்துப் பேர். நம் சங்கம் பதிவான 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு, அபராதம் எந்த நிலையில் விதிக்கலாம் என்பதை விதிகளில் எழுதச் சொன்னது. நீக்கும் முறையை விரித்துச் சொல்லவில்லை. அந்த இடைவெளியை நியாயமாக நிரப்பியிருக்க வேண்டியவர்கள் நாம்தான். அதே பிரிவுதான் கணக்குப் புத்தகத்தை உறுப்பினர்கள் பார்வையிட வசதி செய்யச் சொன்னது. அவர் அன்று எழுந்து கேட்டது அந்தக் கணக்கைத்தான்.

2009-இல் என்மீது உள்விசாரணை நடந்தது. மேலாளரை எதிர்த்துப் பேசியதாகக் குற்றச்சாட்டு. அன்று எனக்குத் துணையாகப் பக்கத்தில் உட்கார்ந்தவர், இன்று அந்த நான்கு வரிக்குக் கீழே கையெழுத்திட்டிருப்பவர். என் கை நடுங்குவதைப் பார்த்து, மேசைக்குக் கீழே என் முழங்காலை ஒருமுறை அழுத்திவிட்டு, “குற்றச்சாட்டைத் தேதியோடு எழுத்தில் கொடுங்கள், சாட்சியை நாங்கள் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும்” என்று விசாரணை அதிகாரியிடம் சொன்னார். என் வேலை அந்த இரண்டு வாக்கியங்களால் தப்பியது. அதே மனிதரால் இன்று எப்படி இப்படிக் கையெழுத்திட முடிந்தது என்று மூன்று நாட்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நிர்வாகம் ஒருவரை இடைநீக்கம் செய்தால் முதல் 90 நாட்களுக்குப் பாதிச் சம்பளம் பிழைப்பூதியமாகக் கேட்கிறோம். விசாரணையில்லாமல் வேலைநீக்கம் செய்தால் கேட்டில் நின்று கோஷம் போடுகிறோம். தண்டனை அதிகம் என்றால், தொழில் தகராறுச் சட்டத்தில் 1971-இல் வந்த 11ஏ பிரிவைக் காட்டி, அதைக் குறைக்கும்படி தொழிலாளர் நீதிமன்றத்தில் வாதாடியிருக்கிறோம். நிர்வாகத்திடம் உரிமையாகக் கேட்கும் ஒன்றை நம் ஆளுக்கு நாமே மறுக்கலாமா? அவரைக் கேட்டீர்களா?

வேலைநிறுத்த நேரத்தில் கருங்காலிக்கும் நோட்டீஸ் கொடுத்துக் காத்திருக்க முடியுமா என்று கேட்பீர்கள். உடனே தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள், பிறகு விசாரியுங்கள். இப்போது வேலைநிறுத்தமும் நடக்கவில்லை. உள்விவகாரத்தை முகநூலில் எழுதலாமா, நிர்வாகம் சிரிக்காதா என்றும் சொல்வீர்கள். கேட்டுக்கு வெளியே பலகையில் ஒட்டியது நான் அல்ல. உள்ளே பேசலாம் என்று இரண்டு முறை செயலாளரைத் தேடிப் போனேன், “நீயும் அந்தப் பக்கமா?” என்று கேட்டார். இருபத்தாறு ஆண்டுகள் இந்தக் கொடியின் கீழ் நின்றவனுக்கு அந்தக் கேள்வி எவ்வளவு வலிக்கும் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது.

1918-இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் எழுந்தபோது வாடியாவும் திரு.வி.க.வும் செல்வபதியும் முன்நின்றார்கள். தன் குறையைச் சொல்ல வழியில்லாத தொழிலாளிக்கு ஒரு குரல் வேண்டும் என்றுதான் அது பிறந்தது. அப்படி வந்த மரபில் ஒருவரைப் பேசவே விடாமல் வெளியே அனுப்பியிருக்கிறோம்.

இன்று காலை வாயிற்கூட்டம் நடந்தது. அவர் சாலைக்கு அந்தப் பக்கம், டீக்கடை பெஞ்சில், மதியச் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். வழக்கமாகக் கோஷத்தை அவர்தான் எடுத்துக் கொடுப்பார். யாரோ முதல் வரியைச் சொன்னதும், அவர் உதடுகள் பழக்கத்தில் அசைந்ததை நான் பார்த்தேன். துணைவிதியைத் திருத்தக் கோரும் மனுவில் முதல் கையெழுத்தை நான் போட்டிருக்கிறேன். அது நாளை இரண்டாம் ஷிப்ட் தொடங்கும்போது என் கையில் இருக்கும்.