எங்கிருந்துதான் வருகிறது இந்தச் சத்தம்?

பழைய லாரியின் அடியில் வரும் சத்தத்தைத் தேடுவதைப் போல எரிச்சலான வேலை வேறில்லை. ஓடும்போது கடக் கடக் என்று உயிரை வாங்கும். ஜாக்கி வைத்துத் தூக்கினால் மூச்சே விடாது. பாரம் இறங்கியதும் தேய்ந்த புஷ்ஷில், அதாவது இணைப்புக்குள் இருக்கும் உருளை உறையில், அழுத்தம் மாறிவிடுகிறதே, அப்புறம் எப்படிக் கேட்கும்? முன்னால் பட்டை ஸ்பிரிங்கைச் சேசிஸோடு (வண்டியின் அடிச்சட்டம்) இணைக்கும் ஷேக்கிள் ஆடினால் சத்தம் அந்தச் சேசிஸ் வழியாகப் போய்ப் பின்னால் கேட்கும். உடனே ஷாக் அப்சார்பரை மாற்றச் சொல்கிறார்கள். முதலில் ஒரு கடப்பாரையை விட்டு நெம்பிப் பாருங்களேன்! ஸ்பிரிங்கை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட் ஓரத்தில் செந்துருப் பொடி தெரிந்தால் அங்கே உரசல் இருக்கிறது. அதைவிடக் கொடுமை, புது ரப்பர் புஷ் போட்டுவிட்டு, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கிவிடுவது. வண்டி தரையில் நின்ற பிறகுதான் கடைசி முறுக்கு கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழிந்துவிடும். சொன்னால் யார் கேட்கிறார்கள்?