முகத்துக்கும் ஷேடு பார்க்கத்தான் வேண்டும்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். நிறம் பார்ப்பதுதான் பிழைப்பு. அதனாலோ என்னவோ, நம் ஊர்ப் பெண்கள், முகத்து நிறம் சீராகத் தெரியப் பூசும் ஃபவுண்டேஷனை வாங்கும் விதத்தையும் கடைக்காரர்கள் அதை விற்கும் விதத்தையும் பார்த்தால் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது.

வெளிநாட்டு பையர் ஒரு துண்டுத் துணியை அனுப்பி, இந்த நிறம்தான் வேண்டும் என்பார். சாயப்பட்டறையில் அதற்கு லேப் டிப், அதாவது சாயமேற்றிய மாதிரித் துண்டு, போட்டுத் தருவார்கள். அதை மேஜை மேல் வைத்துப் பார்த்து யாரும் சரி சொல்வதில்லை. லைட் பாக்ஸுக்குள் வைத்து, பகல் வெளிச்சத்துக்கு ஈடான டி65 விளக்கில் ஒரு முறை, கடைக் குழல்விளக்குக்கு ஈடான டிஎல்84 விளக்கில் ஒரு முறை, பழைய மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் ஒரு முறை என்று மாற்றி மாற்றிப் பார்ப்போம். ஒரு விளக்கில் அச்சாகப் பொருந்திய இரண்டு துணிகள் அடுத்த விளக்கில் தனித்தனியாகப் பிரிந்து தெரியும். மெட்டாமெரிசம் என்று இதற்குப் பெயர். இந்த ஊரில் சாயத்தோடு புழங்கும் யாரைக் கேட்டாலும், அந்தப் பெயர் தெரியாவிட்டாலும், விஷயத்தைச் சொல்லிவிடுவார்கள்.

இத்தனை கறாரான ஊரில், மாதக்கணக்கில் முகத்தில் பூசப்போகும் பொருளைக் கடையின் வெள்ளை எல்இடி விளக்குக்குக் கீழே நின்று, மணிக்கட்டில் ஒரு பொட்டு தேய்த்துப் பார்த்து வாங்கி வருகிறோம். மணிக்கட்டின் உள்பக்கம் வெயிலே படாத தோல். முகமோ பல்லடம் சாலையில் தினமும் ஸ்கூட்டரில் காய்கிற தோல். இரண்டும் ஒரே நிறமாக எப்படி இருக்கும்? கோவை ஒப்பணக்கார வீதியில் பட்டுப்புடவை எடுக்கும் அம்மாக்கள், கடைக்காரரைப் புடவையோடு வாசல் வரை நடத்தி, வெயிலில் விரித்துப் பார்த்துத்தான் விலையே கேட்பார்கள். அந்தச் சாமர்த்தியம் அழகுசாதனக் கடைக்குள் நுழைந்ததும் எங்கே போய்விடுகிறது என்று தெரியவில்லை.

என் முறை இதுதான். தாடை எலும்பின் ஓரத்தில், முகமும் கழுத்தும் சேரும் இடத்தில், அடுத்தடுத்த இரண்டு மூன்று ஷேடுகளைக் கோடாக இழுத்துவிட்டுக் கடையை விட்டு வெளியே வந்துவிடுவேன். ஒரு காபி குடித்துவிட்டு, அரை மணி நேரம் கழித்துப் பகல் வெளிச்சத்தில் கண்ணாடி பார்ப்பேன். எந்தக் கோடு காணாமல் போயிருக்கிறதோ அதுதான் எனக்கானது. காத்திருப்பதற்குக் காரணம் உண்டு. ஃபவுண்டேஷனில் இருக்கும் ஈரம் ஆவியாகி, முகத்து எண்ணெயோடு அது கலந்த பிறகு பல பிராண்டுகளின் நிறம் ஒரு படி கறுக்கும். ஈரோடு, கரூர் பக்கத்துச் சித்திரை வெயிலில் எண்ணெய் வழியும் முகங்களில் இது இன்னும் நன்றாகத் தெரியும்.

"மாநிறம்தானே அக்கா, இதை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரே குப்பியை நீட்டும் கடைகளில் பெரிய பிழை நடக்கிறது. மாநிறத்திலேயே மஞ்சள் சாயல் உள்ளவர்கள் உண்டு, சிவப்பு சாயல் உள்ளவர்கள் உண்டு, லேசான பச்சை கலந்த ஆலிவ் சாயலும் உண்டு. குப்பியின் மேல் டபிள்யூ, சி, என் என்று போட்டிருப்பது இதற்குத்தான்: வார்ம் என்றால் மஞ்சள் சாயல், கூல் என்றால் சிவப்பு சாயல், நியூட்ரல் என்றால் இரண்டுக்கும் நடுவே. உள்ளே இருக்கும் நிறமிகள் சாயப்பட்டறைக் கணக்குதான். மஞ்சள், சிவப்பு, கறுப்பு இரும்பு ஆக்சைடுகளும் வெள்ளைக்கு டைட்டானியம் டையாக்சைடும். வெளிர் ஷேடில் வெள்ளை அதிகம். அதை மாநிறத் தோலில் பூசினால் சிவப்பாக்காது; சாம்பல் பூத்ததாகக் காட்டும். நரம்பு பச்சையா நீலமா என்று பார்த்துச் சாயலைக் கண்டுபிடிக்கச் சொல்லும் வித்தை நம் தோலில் பாதிப் பேருக்கு உதவாது. நரம்பு தெரிந்தால் அல்லவா நிறம் பார்ப்பதற்கு!

சரி, ஷேடு தெரிந்தாயிற்று. கடையில் இருக்கிறதா? 2017-இல் பாடகி ரிஹானாவின் ஃபென்டி பியூட்டி நாற்பது ஷேடுகளோடு சந்தைக்கு வந்த பிறகு, ஆழ்ந்த நிறங்களுக்கும் செய்தாக வேண்டும் என்ற நெருக்கடி மற்ற நிறுவனங்களுக்கு வந்தது. இன்று நம் நாட்டு நிறுவனங்களும் செய்கின்றன. ஆனால் கோபியிலோ தாராபுரத்திலோ ஒரு கடையின் அலமாரியைப் பாருங்கள், ஷேடு அட்டையின் வெளிர் பாதிதான் நிற்கும். கேட்டால், "அதுதானுங்க ஓடுது" என்பார்கள். வைத்திருப்பது அது மட்டும் என்றால் வேறு எது ஓடும்? 1975-இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020-இல் க்ளோ அண்ட் லவ்லி என்று பெயரை மாற்றிக்கொண்டது. கவுண்டரில் நின்று கேட்பவர்களும் எடுத்துத் தருபவர்களும் அப்படியேதான் இருக்கிறோம்.

இதன் உச்சம் கல்யாண மண்டபம். மணப்பெண்ணுக்கு ஒப்பனை செய்யும் பெண் சரியான ஷேடைத்தான் கையில் எடுப்பார். பின்னாலிருந்து ஒரு சித்தியோ அத்தையோ, "இன்னும் கொஞ்சம் வெளுப்பாகப் போட்டு விடம்மா" என்பார். முடிந்தது. முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், தாலி ஏறும்போது கைகள் மூன்றாவது நிறம். மாப்பிள்ளையின் சகோதரிக்கான சடங்கான இணைச்சீருக்கு நிற்கும் நாத்தனாருக்கும் அதே கதி. போதாததற்கு, டைட்டானியம் டையாக்சைடோ சிலிக்காத் தூளோ அதிகமுள்ள பூச்சு கேமரா ஃபிளாஷ் பட்டதும் ஒளியைத் திருப்பி அடித்து, படத்தில் முகத்தை வெள்ளைத் திட்டாக்கிவிடும். ஆல்பம் ஆயுளுக்கும் இருக்கும். சொல்லுங்கள் அத்தை, இதற்குத்தானா?

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு விளையாட்டு இல்லை. முகத்தில் மங்கு, அதாவது கருந்திட்டு, விழுந்த பெண்கள் ஃபவுண்டேஷனுக்குப் பதிலாக மருந்துக்கடையில் "நிறம் வரும் கிரீம்" கேட்டு வாங்குகிறார்கள். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின், மொமெட்டசோன் மூன்றும் கலந்த கிரீம் இப்படித்தான் வீடுகளுக்குள் வந்து சேர்கிறது. மொமெட்டசோன் என்பது ஸ்டீராய்டு. முதலில் பளிச்சென்று காட்டும். விடாமல் பூசினால் தோல் மெலிந்து, சிவந்து, பரு வெடித்து, முடி முளைத்து, நிறுத்தினால் எரியத் தொடங்கும். 2018-இல் மொமெட்டசோன் உள்ளிட்ட ஸ்டீராய்டு பூச்சுகள் பலவற்றையும் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத எச் பட்டியலில் அரசு சேர்த்தது. சீட்டு யார் கேட்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். மங்குக்குத் தோல் மருத்துவரைப் பாருங்கள். அதுவரை, இரும்பு ஆக்சைடு கலந்த நிறமுள்ள சன்ஸ்கிரீன் போடலாம். மங்கு கூடுவதில் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் பங்குண்டு, சாதாரண சன்ஸ்கிரீன் அதைப் போதிய அளவு தடுப்பதில்லை, இது தடுக்கும். கூடவே மங்கு ஓரளவு மறையும். உண்மையில் தினசரி வேலைக்குப் போகும் பலருக்கு இதுவே போதும், ஃபவுண்டேஷனே வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

வாங்குவதென்றால் சின்னக் குப்பியாக வாங்குங்கள். திறந்த மூடியின் படத்துக்குள் 12எம் என்று போட்டிருந்தால், திறந்த பிறகு பன்னிரண்டு மாதம்தான் அதன் ஆயுள். சரியான ஷேடு கிடைக்காவிட்டால், ஒரே பிராண்டில் ஒரு படி மேலும் ஒரு படி கீழும் வாங்கிக் கலக்கலாம். செலவு கூடும், ஆனால் கோடைக்கும் மார்கழிக்கும் விகிதத்தை மாற்றிக்கொள்ள முடியும்.

அப்புறம், கடையில் இல்லை என்றால் இருப்பதை வாங்கிக்கொண்டு வராதீர்கள். ஷேடு எண்ணைத் துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். நான் வழக்கமாகப் போகும் கடையில் அண்ணன் முதலில் தலையைச் சொறிந்தார். பிறகு கோவையிலிருந்து வரவழைத்துக் கொடுத்தார். போன மாதம் போனபோது அதே ஷேடில் இரண்டு மூன்று குப்பிகள் அலமாரியில் இருந்தன. "உங்களுக்கென்றுதான் எடுத்து வைத்தேன், ஆனால் வேறு ஆட்களும் வாங்கிப் போகிறார்கள்" என்றார்.