எங்கள் வீட்டு மேற்குச் சுவர்

ரோட்டைப் பார்த்த மேற்குச் சுவரில் ஒரு ஜன்னல்கூட இல்லை என்று எங்கள் வீட்டுப் படத்தைப் போட்டு போன வாரம் என்னவெல்லாம் எழுதினார்கள் என்று பார்த்திருப்பீர்கள். கடலூரில் மத்திய சிறை இருக்கிற மலை என்பதால் "கேப்பர் மலையில் இன்னொரு ஜெயில்" என்று ஒரு வரி. அதை எங்கள் சொந்தத்திலேயே மூன்று பேர் ஷேர் செய்திருந்தார்கள். நாலு நாள் பேசாமல் இருந்தேன். நேற்று அம்மா கேட்ட கேள்விக்குப் பிறகு முடியவில்லை.

அந்தச் சுவரில் ஜன்னல் வைக்க மறக்கவில்லை. வேண்டாம் என்று முடிவு செய்துதான் வைக்கவில்லை. ரோடு எங்களுக்கு மேற்கில், மனையைவிட மேடாக இருக்கிறது. அங்கிருந்து நிலம் கிழக்கே சரிகிறது. சமதரையில் ஆள் உயரக் காம்பவுண்டு போதும். சரிவில் பார்வை மேலிருந்து இறங்குகிறது. ரோட்டில் நிற்பவருக்குக் கூடமும் சமையல்கட்டும் அப்படியே தெரியும். மதியம் இரண்டு மணிக்கு மேல் வெயில் மொத்தமும் விழுவதும் அந்தச் சுவரில்தான். அதனால் படிக்கட்டு, ஸ்டோர், குளியலறை மூன்றையும் அந்தப் பக்கம் தள்ளினோம். உள்ளே வந்து ஒன்பது படி இறங்கினால் கிழக்கு முழுக்கத் திறப்பு. தாழ்வாரம், அதைத் தாண்டி மூன்று முந்திரி, ஒரு பலா. படம் எடுத்தவர் உள்ளே வரவே இல்லையே, அவருக்கு எப்படித் தெரியும்?

"நம்ம ஊர் வீடு தெருவைப் பார்த்துத் திறந்திருக்கும், இது பணத்திமிர்" என்று ஒருவர். புதுச்சேரியில் தமிழர் தெருக்களில் மிச்சமிருக்கிற பழைய வீடுகளைப் போய்ப் பாருங்கள். தெருவுக்குத் திண்ணை, வீட்டாருக்கு முற்றம். திண்ணையில் வழிப்போக்கர் படுத்துத் தூங்கலாம். வாசலை அடுத்த ரேழி நடையைத் தாண்டி வர வீட்டுக்காரர் கூப்பிட வேண்டும். நாங்களும் அந்தச் சுவரை ஒட்டி சன்ஷேடுக்குக் கீழே திண்ணை கட்டியிருக்கிறோம், பானையில் தண்ணீர் வைத்திருக்கிறோம். படத்தில் அந்தப் பகுதியை வெட்டிவிட்டுப் போட்டிருக்கிறார்கள். எனக்கு வலித்தது அதுதான்.

புதுச்சேரியில் படித்த காலத்தில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியை வெளியிலிருந்து எத்தனையோ முறை பார்த்து நின்றிருக்கிறேன். கட்டடக் கலைஞர் அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்தது, 1940களில் முடிந்தது. வெளிப்பக்கம் முழுக்கப் படுக்கை வசத்தில் திருப்பி வைக்கிற தகடுகள். அறைகளுக்குத் தேக்குச் சட்டங்களால் ஆன தள்ளுகதவு. காற்று உள்ளே போகும், பார்வை போகாது. எங்கள் தாழ்வாரத்துச் சட்டக் கதவுகளுக்கு வித்து அங்கேதான்.

அப்புறம், "ஜேசிபி விட்டு லெவல் பண்ணியிருந்தால் பாதிச் செலவு" என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் இது செம்மண். மழைத்தண்ணீர் ஓடிய இடமெல்லாம் அரித்துப் பள்ளமாகிவிடும். சரிவை வெட்டிச் சமமாக்கினால் உயரமான தடுப்புச் சுவர் வேண்டும். அதன் பின்னால் தண்ணீர் கோத்துக்கொண்டால் சுவரையே தள்ளிவிடும். அதனால் வீட்டையே நாலரை அடி வித்தியாசத்தில் இரண்டு தளமாக இறக்கினோம். குட்டைச் சுவர்கள், பின்னால் ஜல்லி, நடுநடுவே தண்ணீர் வெளியேற பைப். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்து புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அப்போது எங்களுக்குச் சுவர் வேலை மட்டும்தான் முடிந்திருந்தது. இங்கேயும் விடாத மழை. விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தோம். பைப் ஒவ்வொன்றிலும் செந்நீர் கொட்டிக்கொண்டிருந்தது. சுவர் அசையவில்லை. அந்தப் பலா, 2011இல் 'தானே' புயலில் சாய்ந்து மறுபடி துளிர்த்த மரம். அதை வெட்டி லெவல் பண்ண எனக்கு மனசு வராது.

பாம்பு வரும் என்றீர்கள். அது உண்மை. ஒரு தடவை சாரை வந்தது, அன்று முழுக்கப் பயந்துதான் இருந்தேன். வாஸ்து பற்றிக் கேட்டவர்களுக்கு, மேற்கு மேடு கிழக்குப் பள்ளம் நல்லது என்று உங்கள் ஆட்களே சொல்கிறார்கள்.

இதையெல்லாம் விடுங்கள். மஞ்சக்குப்பத்தில் நாங்கள் 26 வருடம் இருந்த வாடகை வீட்டுக்கு வந்தவர்கள்தான் அந்த மூன்று பேரும். ஜன்னலுக்கும் தெருவுக்கும் இரண்டடி இடைவெளி. ஜன்னலின் கீழ்க்கதவை அம்மா ஒருநாளும் திறந்ததில்லை. மே மாதத்தில் கரண்ட் போனாலும் மேல்கதவு மட்டும்தான். அப்பா போன பிறகு அதுவும் பாதி. யார் வந்தார், எப்போது போனார் என்று தெரு கணக்கு வைத்திருந்தது. அம்மா தலையை உலர்த்தக்கூட மொட்டை மாடிக்குப் போகமாட்டார், எதிர்வீட்டு மாடியிலிருந்து பார்ப்பார்கள் என்று. ஜெயில் எது என்று அப்போது யாரும் எங்களிடம் கேட்கவில்லை.

அம்மாவுக்கு இப்போது 68 வயது. மதியம் தாழ்வாரத்துக் கதவுகளை எல்லாம் தள்ளிவிட்டு, ஈரத் தலையை விரித்துப்போட்டு, நைட்டியோடு வெறும் தரையில் படுத்துத் தூங்குகிறார். அந்த மேற்குச் சுவர் இருப்பதால்தான் கிழக்கை அவரால் இப்படித் திறந்துவைக்க முடிகிறது. இதை எத்தனை தடவை சொல்வது?

நேற்று சாப்பிடும்போது யாரோ அனுப்பிய அந்தப் படத்தை போனில் பார்த்துவிட்டு, "பாப்பா, வேணும்னா அந்தச் சுவத்துல ஒரு ஜன்னல் வெச்சிடலாமா? நாலு பேரு பேசுறாங்களே" என்றார்.

வைக்க மாட்டேன். ஷேர் செய்த மூன்று பேரும் வீட்டுக்கு வாருங்கள், உள்ளேயே வந்து பாருங்கள். நாலு மணிக்கு மேல் வாருங்கள். அதுவரைக்கும் அம்மா தூங்குவார்.