வரிசையில் நிற்பவனுக்குத்தான் அடியா?

கள்ளத் துப்பாக்கி பற்றிய அந்த விவாதக் காணொளித் துண்டை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் பாக்கியவான்கள். பிடிபட்டது, ஏதோ பட்டறையில் குழாயை வைத்துச் செய்த துப்பாக்கி. உரிமம் கிடையாது, எண் கிடையாது. அதற்கு விவாதத்தில் பேசிய ஒரு பெரிய மனிதர் கண்டுபிடித்த வைத்தியம்: "உரிமம் வைத்திருப்பவர்களிடம் இருப்பதை முதலில் பிடுங்குங்கள்." அரங்கமே கைதட்டியது. எனக்கும் நாலு பேர் அனுப்பிவைத்தார்கள், கூடவே சிரிக்கிற பொம்மை.

நான் இருபது வருடமாக இலக்கு சுடுகிறவன். என் துப்பாக்கியின் எண் பதிவேட்டில் இருக்கிறது. வாங்கிய தோட்டாவுக்குக் கணக்கு இருக்கிறது. எல்லாம் நியாயம்தான், முணுமுணுத்ததே இல்லை. (சரி, உரிமம் புதுப்பிக்கப் போகும் நாளில் கொஞ்சம்.) ஆனால் உரிம வரிசைக்கே வராதவன் செய்த காரியத்துக்கு, வரிசையில் நிற்பவனை ஏன் அடிக்கிறீர்கள்?

ஜப்பானில் வேட்டைத் துப்பாக்கி வாங்க எழுத்துத் தேர்வு, சுடும் தேர்வு, மருத்துவச் சான்று, காவல்துறை விசாரணை எல்லாம் உண்டு. 2022 ஜூலை 8 அன்று நாரா நகரில் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபேயைச் சுட்டவன் இதில் எந்தத் தேர்வுக்கும் போகவில்லை. துப்பாக்கியை அவனே செய்தான், குழாயும் டேப்புமாக. 2024-இல் அங்கே சட்டத்தைத் திருத்தி, துப்பாக்கி செய்யும் முறையை இணையத்தில் போட்டுப் பிறரைத் தூண்டுவதைக் குற்றமாக்கினார்கள். அமெரிக்காவில் 2022-இல் வந்த விதி, வீட்டிலேயே பொருத்தித் துப்பாக்கியாக்கிக்கொள்ளும் பாகப் பெட்டிகளுக்கும் எண்ணும் பின்னணிச் சோதனையும் கேட்டது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. எனக்கு முழுச் சம்மதம். நான் காட்டுகிற அடையாள அட்டையை, பெட்டி வாங்குபவனும் காட்டட்டுமே. அங்கே சொந்த உபயோகத்துக்குத் துப்பாக்கி செய்துகொள்வது கூட்டாட்சிச் சட்டத்தில் குற்றமில்லை, அதனால் பொழுதுபோக்குக்காரர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

"2023-இல் ஜப்பானின் நாகானோவில் காவலர்களைச் சுட்டது உரிமம் பெற்ற துப்பாக்கிதானே?" ஆமாம். அதற்கு என்னிடம் பதில் இல்லை. "உங்கள் துப்பாக்கி திருடுபோனால்?" அதற்குத்தான் இரும்புப் பெட்டி, தோட்டாவுக்குத் தனிப் பூட்டு. அடுத்து.

"உனக்கு எதற்குய்யா துப்பாக்கி?" இதுதான் எனக்குப் பொறுக்காதது. ஒருவன் வில்வித்தை பழகினால் 'அர்ஜுனன்' என்கிறீர்கள். நான் மூச்சை அடக்கி ஒரு காகித வட்டத்தைக் குறிபார்த்தால், கொலைகாரனைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறீர்கள். கள்ளத் துப்பாக்கி எங்கே பிடிபட்டாலும் மறுநாள் என் முகத்தைத்தான் எல்லோரும் உற்றுப் பார்க்கிறார்கள். செய்தவன் முகம் தெரியாது, என் முகம் தெரியும். அதுதான் நான் செய்த தப்பு போல. முகவரி கொடுத்துத் தொலைத்துவிட்டேன்.

போன மாதம் மகளின் பிறந்தநாள். அவள் தோழியின் அம்மா வாசலிலேயே நின்று, "உங்க வீட்ல துப்பாக்கி இருக்காமே?" என்று கேட்டார். பெட்டியைக் காட்டுகிறேன், சாவியைக் காட்டுகிறேன் என்றேன். "பரவாயில்லைங்க, இன்னொரு நாள் வர்றோம்" என்று பிள்ளையைக் கையோடு கூட்டிப்போய்விட்டார். அவர் பயத்தை நான் குறை சொல்லவில்லை. குறை சொல்லவில்லை என்று எனக்கே நாலு தடவை சொல்லிக்கொண்டேன்.

அன்று ராத்திரி மகள் கேட்டாள், "அப்பா, நீங்க யாரையாவது சுட்டிருக்கீங்களா?" பழைய இலக்குத் தாள்களை எடுத்துக் காட்டினேன். ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "நடுவுல ஒண்ணுகூடப் படலையே" என்றாள்.