அது ஸ்காட்லாந்து பைப் இல்லை

செக் நாட்டின் ஸ்ட்ரகோனிட்ஸே ஊர்க் கோட்டை முற்றத்தில் சிலர் பேக்பைப் (பையில் காற்றை அடைத்து வாசிக்கும் குழல் வாத்தியம்) வாசிக்கும் வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "ஸ்காட்லாந்து பேக்பைப் கலைஞர்கள்" என்று தலைப்பு. அப்படியில்லை என்று மரியாதையாகத்தான் சொன்னேன். "எல்லாம் பைதானே, விடுங்க" என்று பதில் வந்தது. அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு.

விட முடியவில்லை. அவர்கள் வாசித்தது நார்தம்பர்லேண்ட் சிறு பைப். இங்கிலாந்தின் வடகிழக்கு மூலைக்குச் சொந்தமானது. வாயால் ஊதவே மாட்டார்கள். வலது கைக்கு அடியில் இருக்கும் துருத்திதான் பைக்குக் காற்று தரும். குழலின் அடி மூடியிருப்பதால் எல்லாத் துளைகளையும் அடைத்தால் மெட்டு சட்டென்று நிற்கும், சுருதி மட்டும் ஓடும். ஒரு கூடத்துக்குள் உட்கார்ந்து கேட்கிற சத்தம். ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட் பைப் வாயால் ஊதுவது, ஊருக்கே கேட்பது. அது வேறு, இது வேறு.

நியூகாசிலில் இதைக் கற்கப் போன முதல் ஆறு மாதம் என் சுருதி அழுதுகொண்டே இருந்தது. கற்றுக்கொடுத்த பெரியவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஸ்ட்ரகோனிட்ஸேக்குக் கூட்டிப்போனதும் அவர்தான். தெற்கு பொஹீமியாவில், 1967-ல், ஐரோப்பா கிழக்கு, மேற்கு என்று பிரிந்துகிடந்த இரும்புத்திரைக் காலத்திலேயே தொடங்கிய பேக்பைப் விழா அது. அங்கே ஒரு செக் கலைஞர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர்களுடைய பேக்பைப்பான டுடியில் மரத்தில் செதுக்கிய ஆட்டுத்தலை இருக்கும். சுருதிக்குழலின் கொம்பு முனை தோளுக்குப் பின்னால் தொங்கும். அவர் கைக்கு அடியிலும் துருத்தி! ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. என் துருத்தி வாரைப் பிடித்து ஒரு துளை இறுக்கிவிட்டார். அன்றைக்குத்தான் என் சுருதி ஒரு நிலைக்கு வந்தது. பிரிட்டனிலிருந்து இந்தச் சிறு பைப் கலைஞர்கள் ஏன் அவ்வளவு தூரம் போகிறார்கள் என்று அப்போது புரிந்தது. அங்கே யாரும் "உன் கில்ட் (ஸ்காட்லாந்து ஆண்கள் கட்டும் பாவாடை) எங்கே?" என்று கேட்பதில்லை.

"ஒரு தலைப்புக்கு இவ்வளவு கோபமா?" ஆமாம், கோபம்தான். "ஸ்காட்லாந்து மேல் பொறாமை" என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். ஹைலேண்ட் பைப்பையும் ஆசையாகக் கேட்கிறவன் நான். "தமிழனுக்கு இதில் என்ன வேலை?" என்றவருக்கு என்ன சொல்வது? வார் உரசி என் முழங்கை காய்த்துப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

தப்பாக எழுதியதுகூடப் பரவாயில்லை, திருத்தச் சொன்னபோது சிரித்தீர்களே, அதுதான் தாங்கவில்லை.

வீடியோவில் இடது ஓரத்தில் கண்ணை மூடி வாசிப்பவர்தான் என் ஆசிரியர். நேற்று அவரிடம் காட்டினேன். உங்கள் மொழியில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று ஆசையாகக் கேட்டார். நன்றாக வாசிக்கிறீர்களாம் என்று சொல்லிவிட்டேன்.