ஏழாயிரம் ரூபாய் எதற்கு?

போன வாரம் சித்தி மகன் திருமங்கலத்திலிருந்து போன் செய்தான். "அக்கா, லேப் கிராஸ் நாய்க்குட்டி ஒண்ணு இருக்கு. ஏழாயிரம் சொல்றாங்க. கிராஸுக்குப் போய் அவ்வளவு கொடுக்கலாமா?" லாப்ரடார் ஜாதி நாய் வேறு நாயோடு கலந்து பிறந்ததைத்தான் லேப் கிராஸ் என்கிறார்கள். கூடவே வாட்ஸப்பில் ஒரு படம். கறுப்பாக, வயிறு உருண்டு, காதைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒரு குட்டி. யார் பார்த்தாலும் பிடித்துவிடும். எனக்கும் பிடித்தது. "அட்வான்ஸ் எதுவும் அனுப்பிடாத, ஞாயித்துக்கிழமை நேர்ல போய்ப் பார்ப்போம்" என்றேன்.

நான் நாய் வளர்ப்பது தெரிந்தவர்கள் அடிக்கடி இதைக் கேட்கிறார்கள். தெருவில் சும்மா கிடைப்பதற்குக் காசா என்பது ஒரு கட்சி. காசு கொடுத்து வாங்கினால்தான் ஒழுங்காக வளர்ப்பார்கள் என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டிலும் இல்லை. காசு கொடுக்கலாம், தப்பே இல்லை. ஆனால் லேப் என்ற பெயருக்காக ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது. தாய்க்கு வயிறாரச் சோறு போட்டிருந்தால், குட்டிக்குப் பூச்சி மருந்தும் தடுப்பூசியும் போட்டிருந்தால், அந்தச் செலவைக் கொடுப்பதுதான் நியாயம்.

பெயருக்கு ஏன் கூடாது என்கிறேன் என்றால், அதற்கு விற்பவரின் வாய்ச்சொல்லைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. ஜாதி நாய் என்றால் சென்னையில் தலைமையகம் வைத்திருக்கும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் பதிவுச் சான்றிதழைக் கேட்டு வாங்கலாம். கலப்புக் குட்டிக்கு அப்படி எதுவும் கிடையாது. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கே வெவ்வேறு தகப்பன் இருக்கலாம், நாய்களில் இது நடக்கிற விஷயம்தான். அப்படியிருக்க, ஒன்றரை மாதக் குட்டியின் முகத்தைப் பார்த்துத் தகப்பன் யாரென்று எவராலும் சொல்ல முடியாது. கிராஸ் என்றால் நோயே வராது என்றும் சிலர் விலையை ஏற்றுகிறார்கள். லேபுக்கும் அல்சேஷனுக்கும் இரண்டுக்குமே இடுப்பு மூட்டுக் கோளாறு சகஜம். இரண்டையும் சேர்த்தால் அது எப்படிக் காணாமல் போகும்?

ஆஸ்திரேலியாவில் 1989இல் வாலி கான்ரன் என்பவர் லேபையும், முடி அதிகம் உதிராத பூடுல் ஜாதியையும் சேர்த்தார். பார்வையற்ற ஒரு பெண்மணிக்கு வழிகாட்டி நாய் தேவைப்பட்டது, அவருடைய கணவருக்கோ நாய் முடி ஒத்துக்கொள்ளாது, அதற்காகச் செய்தது. பிறகு உலகம் முழுக்க ஆளாளுக்குக் கண்ட நாய்களைச் சேர்த்துப் புதுப்பெயர் வைத்து விற்க ஆரம்பித்ததைப் பார்த்து, ஏன் இதைச் செய்தோம் என்று அவரே வருத்தப்பட்டார்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஊருக்கு வெளியே ஒரு வீடு. வாசலில் அட்டைப் பெட்டியில் நான்கு குட்டிகள். "நாப்பத்தஞ்சு நாள் ஆச்சு, நீங்க இன்னைக்கே தூக்கிட்டுப் போகலாம்" என்றார் அந்த வீட்டுக்காரர். படத்தில் கொழுகொழுவென்று தெரிந்த குட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வயிறு மட்டும்தான் பலூன் மாதிரி இருந்தது, முதுகெலும்பு விரலில் தட்டியது. அது பூச்சி வயிறு. பூச்சி தாயின் வயிற்றிலேயே குட்டிக்கு வந்துவிடும், பாலிலும் வரும். அதனால்தான் எங்கே போனாலும் முதலில் தாயைக் காட்டச் சொல்வேன்.

"தாய் இங்க இல்லைங்க, வேற இடத்துல இருக்கு" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் வீட்டுக்குப் பின்னால் சங்கிலிச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தோம். குளியலறைச் சுவரோரம், இரண்டு முழம்கூட இல்லாத சங்கிலியில் கட்டிக் கிடந்தது. மடி தொங்கிப்போய் காம்புகளில் கீறல். விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணலாம். பக்கத்தில் ஒரு அலுமினியக் கிண்ணம், காய்ந்து, கவிழ்ந்து கிடந்தது. எங்களைப் பார்த்ததும் குரைக்கவில்லை, வாலை ஆட்டியது.

நாய் வளர்ப்பு, விற்பனை பற்றி 2017இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகள் இருக்கின்றன. எட்டு வாரம் முடியாத குட்டியை விற்கக் கூடாது. பதினெட்டு மாதம் ஆகாத பெண் நாயை இனம் சேர்க்கக் கூடாது. ஆயுளில் ஐந்து ஈற்றுக்கு மேல் போகக் கூடாது. இத்தனையும் அதில் இருக்கிறது. இது எத்தனையாவது ஈற்று என்று கேட்டேன். "கணக்கு வைக்கலைங்க" என்றார். எட்டு வாரம் என்பதற்குக் காரணம் உண்டு. கூடப்பிறந்ததைக் கடித்து, அது கத்துவதைக் கேட்டுத்தான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்று குட்டி கற்றுக்கொள்கிறது. சீக்கிரம் பிரித்துவிட்டு, பிறகு வீட்டில் குழந்தையைக் கடிக்கிறது என்று நாயைக் குறை சொல்கிறோம்.

திரும்பி வரும் வழியில் தம்பிக்கு மனசே இல்லை. "பாவம்க்கா, அந்தக் குட்டியையாவது காப்பாத்தியிருக்கலாம்" என்றான். எனக்கும் அதே எண்ணம்தான், தொண்டை அடைத்தது. ஆனால் அந்த ஏழாயிரம் கைக்குப் போனால் அந்தத் தாய்க்கு அடுத்த ஈற்று நிச்சயம். அந்தச் சங்கிலிக்கு நாம் கொடுக்கும் கூலி அது.

2016இல் நான் இதே தவறைச் செய்தவள். 4,500 ரூபாய்க்கு 'பொமேரியன் கிராஸ்', ஊசியெல்லாம் போட்டாச்சு என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். நான்காம் நாள் சாப்பாட்டை நிறுத்தியது. அப்புறம் வாந்தி, ரத்தமாகக் கழிச்சல். பார்வோ என்கிற வைரஸ் நோய். ஐந்து நாள் டிரிப்ஸ் ஏற்றினோம். மூன்றாம் நாளிலிருந்து, டாக்டர் பாட்டிலை மாட்டும்போதே பிளாஸ்திரி ஒட்டிய முன்னங்காலைத் தானாகவே நீட்டும். ஐந்தாம் நாள் விடிகாலையில் போய்விட்டது. மருத்துவச் செலவு மட்டும் ஒன்பதாயிரத்துக்கு மேல். அந்தக் கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், முழுசாகத் தடுப்பூசி போடாத குட்டியை இப்போதைக்கு வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

மறுவருடம் வந்தவள்தான் செவலை. லாரி ஷெட் ஒன்றில் பிறந்த நாட்டு நாய், பெண் குட்டி என்பதால் யாரும் எடுக்கவில்லை. விலை ஒன்றும் இல்லை. ஆனால் முதல் வருடம் அவளுக்கு ஆன செலவு 14,000ஐத் தாண்டியது: பதினாறு வாரம் வரைக்கும் தவணை தவணையாகப் போட்ட ஊசிகள், வெறிநோய்த் தடுப்பூசி, உண்ணிக் காய்ச்சலுக்கு ஒரு வாரம், கருத்தடை ஆபரேஷன். கிராஸுக்கு ஏழாயிரம் அதிகமா என்று கேட்பவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வாங்குகிற விலையிலேயே கையிருப்பு தீர்ந்துவிட்டால் ஊசிக்கு எங்கே போவது?

எங்கள் அப்பத்தா மேலூர்ப் பக்கம். நாய்க்குட்டி எடுக்கப் போகும்போது முந்தானையில் ஒரு படி கம்பு முடிந்துகொண்டுதான் போவார். அதைக் குட்டிக்கான விலை என்று சொல்ல மாட்டார். "பெத்தவளுக்குக் கூழு காய்ச்சி ஊத்துங்க" என்று கொடுத்துவிட்டுத்தான் குட்டியைத் தொடுவார்.

தம்பி வீட்டுப் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் அக்காவின் தள்ளுவண்டிக்கு அடியில் ஒரு நாய் நாலு குட்டி போட்டிருக்கிறது. அந்த அக்கா தினமும் பாலும் பன்னும் வைக்கிறார். நாலில் ஒன்றைத் தம்பி எடுத்துக்கொள்கிறான். குட்டிகளுக்கு ஆறு வாரம்தான் ஆகிறது, இன்னும் இரண்டு வாரம் தாயிடமே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். நாலுக்கும் பூச்சி மருந்து கொடுத்து முதல் ஊசியும் போட்டாயிற்று. பால் வற்றியதும் தாய்க்குக் கருத்தடை செய்ய வேண்டும், அந்தச் செலவில் பாதி தம்பியுடையது, பாதி என்னுடையது. மீதி மூன்றும் பெண் குட்டிகள். இரண்டு செவலை, ஒன்று கறுப்பு. மதுரை, திருமங்கலம் பக்கம் யாராவது வளர்ப்பதாக இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். ஊசிக்கு ஆன செலவை மட்டும் கொடுத்தால் போதும். வரும்போது தாய்க்கு ஏதாவது சாப்பிடக் கொண்டு வாருங்கள்.