கறுப்பினப் பிள்ளைகள்தான் அதிகம் சேட்டை செய்கிறார்களா?

அமெரிக்கப் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகள் அதிகமாக இடைநீக்கம் செய்யப்படுவதற்கு அவர்களுடைய அடங்காத்தனமே காரணம் என்று ஒரு பதிவு பரவுகிறது. இது தவறு.

2013-14இல் அரசுப் பள்ளி மாணவர்களில் அவர்கள் 15.5 சதவீதம், இடைநீக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ 39 சதவீதம். வறுமைதான் காரணம் என்ற சமாதானமும் எடுபடாது. வசதியான பகுதிப் பள்ளிகளிலும் இதே வேறுபாடுதான்.

2016இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மழலையர் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு காணொளியைக் காட்டினார்கள். அதில் நான்கு குழந்தைகள்: கறுப்பினச் சிறுவன், சிறுமி, வெள்ளையினச் சிறுவன், சிறுமி. சேட்டை வரலாம், கவனியுங்கள் என்று சொல்லிவைத்தார்கள். உண்மையில் காணொளியில் சேட்டையே கிடையாது. ஆனாலும் ஆசிரியர்களின் கண்கள் கறுப்பினச் சிறுவன் மீதே அதிக நேரம் நிலைத்தன; கண்ணசைவைப் பதியும் கருவி அதைக் காட்டிக்கொடுத்தது. ஒன்றும் செய்யாத பிஞ்சுக்கு இது எவ்வளவு பெரிய அநியாயம்! கறுப்பின ஆசிரியர்களும் இதற்கு விலக்கல்ல.